11 நானோநொடித் தீர்ப்பு: பல ஆன்டெனாத் தொடர்பில் சமிக்ஞை கண்டறிதல்

5ஜி வலையமைப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைக்கற்றையை எடுத்துக்கொள்வோம். துணைக்கடத்திகளுக்கு இடையே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டால் அதற்குள் 3,276 துணைக்கடத்திகள் அடங்கும். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 28,000 குறிகள் வந்து சேரும். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 9.17 கோடி. பல ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் மைமோ முறையில் இந்த 9.17 கோடியில் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கணக்கு. ஒன்றோடொன்று கலந்து வந்திருக்கும் தரவு ஓடைகளைப் பிரித்து, எந்த ஓடையில் எந்தக் குறி அனுப்பப்பட்டது என்று வாங்கும் முனை முடிவுசெய்ய வேண்டும். ஒரு முடிவுக்குச் சராசரியாக 11 நானோநொடிதான் கிடைக்கிறது. பாதையை அளக்க அனுப்பும் பைலட் குறிகளுக்கும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் போகும் பங்கைக் கழித்தாலும் இந்த அளவு பெரிதாக மாறாது. பல சுற்றுகளை இணையாக ஓட்டினாலும், மின்சாரத்திலும் சில்லின் பரப்பிலும் விலை கொடுத்தே ஆகவேண்டும். கண்டறிதலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பிழை வீத வளைகோடுகளை வரைந்து, எது கீழே இருக்கிறதோ அதுவே சிறந்தது என்று தீர்ப்பெழுதுகின்றன. இத்துறை கடந்து வந்த பாதையைப் பார்த்தால், எந்த முறை நிலைத்தது, எது நூலகத்தோடு நின்றது என்பதை வேறு இரண்டு காரணிகள் தீர்மானித்திருப்பது தெரிகிறது: ஓடைகளின் எண்ணிக்கைக்கும் வாங்கும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம், ஒரு முடிவுக்குக் கிடைக்கும் நேரம்.

வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் ஓடைகளை ஒரே அதிர்வெண்ணில் அனுப்பி, பல ஆன்டெனாக்களால் பிரித்தெடுக்கலாம் என்ற கருத்துக்கு ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்; 1994இல் அது கிடைத்தது. பொள்ளாச்சியில் பிறந்த பால்ராஜ், அதற்குமுன் இந்தியக் கடற்படையில் சோனார் கருவிகளை உருவாக்கியவர். நீருக்கடியில் ஒலி வரும் திசையைப் பல உணரிகளால் பிரித்தறிந்த அனுபவத்துக்கும் இந்தக் கருத்துக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. 1995இல் பெல் ஆய்வகத்தின் எம்ரே தெலடார் இந்த அமைப்பின் கொள்ளளவைக் கணித்தார். 1996இல் அதே ஆய்வகத்தின் ஜெரார்ட் ஃபோஷினி ஓடைகளை அடுக்கடுக்காக அனுப்பும் வடிவமைப்பை முன்வைத்தார். 1998இல் வி-பிளாஸ்ட் என்ற ஆய்வக மாதிரி 8 அனுப்பும் ஆன்டெனாக்களையும் 12 வாங்கும் ஆன்டெனாக்களையும் கொண்டு, ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 20 முதல் 40 பிட் வரை கடத்திக் காட்டியது. பலர் அந்த 40 என்ற எண்ணையே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 8க்கு 12 என்ற ஏற்பாடு. முதல் செயல்முறை விளக்கத்திலேயே வாங்கும் பக்கத்தில் நான்கு ஆன்டெனாக்கள் உபரியாக இருந்தன.

கொள்ளளவுக் கோட்பாடு எவ்வளவு அனுப்ப முடியும் என்று சொல்லும்; அதை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதைப் பற்றி அதிகம் பேசாது. தொழில்நுட்பத் தரநிலைகளும் அப்படித்தான். வைஃபையானாலும் செல்பேசி வலையமைப்பானாலும், அனுப்பப்படும் சமிக்ஞை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தரநிலை வரிக்கு வரி வகுக்கும். வாங்கும் முனைக்கோ எட்டவேண்டிய குறைந்தபட்சத் திறனை மட்டும் சொல்லிவிட்டு, வழியைத் தயாரிப்பாளரிடம் விட்டுவிடும். ஆகவே கண்டறிதல் என்பது சில்லுத் தயாரிப்பாளர்களின் கைச்சரக்கு. வெளியான ஆய்வுகள் மலைபோல் குவிந்திருந்தும், சந்தையில் உள்ள கருவிகளுக்குள் என்ன ஓடுகிறது என்பது அரிதாகவே வெளியே வருகிறது.

சிக்கலின் கணித வடிவம் ஏமாற்றும் அளவுக்கு எளிமையானது. அனுப்பிய குறிகளின் திசையனை ஓர் அணியால் பெருக்கி, இரைச்சலைக் கூட்டினால் வாங்கிய திசையன் கிடைக்கிறது. அந்த அணிதான் சேனல். சுவர்களும் மரங்களும் வாகனங்களும் சேர்ந்து எழுதியது. வாங்கிய திசையனும் சேனலும் தெரியும், அனுப்பியது எது? இரைச்சல் காஸ் பரவலைப் பின்பற்றினால், சேனலால் பெருக்கியபின் வாங்கிய திசையனுக்கு மிக அருகில் வந்து நிற்கும் குறித்தொகுப்பே சரியான விடையாக இருக்க அதிக வாய்ப்புள்ளது. எம்.எல். என்று பொறியாளர்கள் சுருக்கிச் சொல்லும் முறை இதுதான். குறிகள் தொடர்ச்சியான எண்களாக இருந்தால் மீச்சிறு வர்க்க முறையில் நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் அவை குறிப்பிட்ட சில புள்ளிகள் மட்டுமே என்பதால் ஒவ்வொரு சேர்க்கையையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. நான்கு ஓடைகள், ஒவ்வொன்றிலும் 64-க்யூஏஎம் (அதாவது 64 புள்ளிகளில் ஒன்று) என்றால் சேர்க்கைகள் 1,67,77,216. இந்தச் சிக்கலின் பொதுவடிவம் என்.பி.-கடினமானது, அதாவது எல்லா நேர்வுகளையும் விரைவாகத் தீர்க்கும் வழி இல்லை என்று நம்பப்படும் வகையைச் சேர்ந்தது என்று 1989இல் செர்ஜியோ வெர்டூ காட்டினார். அப்போது அவர் ஆராய்ந்தது மைமோவை அல்ல, ஒரே அலைக்கற்றையைப் பகிரும் பல பயனர்களின் சிடிஎம்ஏ முறையை. இரண்டுக்கும் கணிதம் ஒன்றே. இன்னொன்றையும் சொல்லிவைக்கலாம். இரைச்சல் கலந்த நேரியல் சமன்பாடுகளிலிருந்து முழு எண் விடையைக் கண்டுபிடிப்பது கடினம் என்ற இதே உண்மையின் மேல்தான், குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் மறையாக்கம் எழுப்பப்பட்டிருக்கிறது; 2024இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட எம்எல்-கெம் தரநிலை அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு துறைக்குத் தலைவலியாக இருப்பது இன்னொரு துறைக்குப் பூட்டாகிறது.

கடினத்தைச் சுற்றிக்கொண்டு போகும் முதல் வழி, குறிகள் தனிப்புள்ளிகள் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவது. சேனல் அணியின் நேர்மாறால் பெருக்கினால் ஓடைகள் முற்றாகப் பிரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் அருகிலுள்ள குறிக்கு முழுமையாக்கலாம். இந்த ஜீரோ ஃபோர்சிங் முறையின் விலை என்ன என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். இரண்டு ஓடைகள், இரண்டு ஆன்டெனாக்கள். நேர்ப்பாதைகளின் பெருக்கம் 1, குறுக்குப்பாதைகளுடையது 0.9 என்று வைத்துக்கொள்வோம். அணிக்கோவையின் மதிப்பு 0.19. நேர்மாறு அணியின் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு 5.26, ஒரு -4.74. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் இரைச்சலின் திறன் ஏறத்தாழ 50 மடங்காகப் பெருகுகிறது. இன்னொரு ஓடை இல்லாமலே இருந்திருந்தால் அதே ஆன்டெனாக்கள் இரைச்சலை ஏறத்தாழ 0.55 மடங்காகக் குறைத்திருக்கும். ஆக, பிரித்தெடுத்ததற்கான கட்டணம் சுமார் 90 மடங்கு. இரைச்சலையும் கணக்கில் சேர்க்கும் எம்.எம்.எஸ்.இ. முறை இதைத் தணிக்கும். வலுவான ஓடையை முதலில் முடிவுசெய்து, அதைக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வி-பிளாஸ்ட் வழி இன்னும் கொஞ்சம் தணிக்கும், முதல் முடிவு தவறினால் பிழை கீழே வரிசையாக இறங்கும் என்ற ஆபத்தோடு. ஆனால் நோய் அந்த 0.19இல் இருக்கிறது. இரண்டு ஓடைகளும் வாங்கும் முனையில் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வருவதுபோல் தெரிகின்றன. ஓடைகளும் ஆன்டெனாக்களும் சம எண்ணிக்கையில் இருக்கும்போது இத்தகைய மோசமான அணி அடிக்கடி நேரும்.

இரண்டாவது வழி, தேடலையே புத்திசாலித்தனமாகச் செய்வது. எண்கோட்பாட்டில் சிறிய திசையன்களைத் தேட மைக்கேல் போஸ்ட் 1981இலும், அவரும் உல்ரிக் ஃபின்கேயும் 1985இலும் வகுத்த முறையை, 1999இல் விடெர்போவும் பூத்ரோவும் தொலைத்தொடர்புக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கிய புள்ளியைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து, அதற்குள் விழும் சேர்க்கைகளை மட்டும் பார்ப்பது; அணியை முக்கோண வடிவுக்கு மாற்றிவிட்டால் தேடல் மரக்கிளைகளில் இறங்குவது போலாகும், தூரம் எல்லையைத் தாண்டிய கிளையை அங்கேயே வெட்டிவிடலாம். விடை எம்.எல். விடையேதான், துளியும் சமரசமில்லை. 2005இல் ஹசிபியும் விகாலோவும், நடைமுறையில் நிலவும் இரைச்சல் அளவுகளிலும் ஓடை எண்ணிக்கைகளிலும் இதன் சராசரி வேலை பல்லுறுப்புக்கோவை அளவிலேயே நிற்கிறது என்று காட்டியபோது, பலர் சிக்கல் தீர்ந்தது என்றே எண்ணினார்கள். அதே ஆண்டு யால்டேனும் ஓட்டர்ஸ்டெனும் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: இரைச்சல் அளவை நிலையாக வைத்துக்கொண்டு ஓடைகளைக் கூட்டிக்கொண்டே போனால், சராசரி வேலையும் அடுக்குக்குறி வேகத்தில்தான் ஏறும். இரண்டும் முரண்பட்டவை அல்ல. முதலாவது சின்ன அமைப்புகளைப் பற்றியது, இரண்டாவது பெரியவற்றைப் பற்றியது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. என்.பி.-கடினம் என்பது மிக மோசமான அணியைப் பற்றிய கூற்று. இயற்கை தரும் சேனலோ தற்செயலானது. ஆகவே அந்தக் கடினத்தைப் பெரிதுபடுத்துவது பூச்சாண்டி காட்டுவதாகும் என்பார்கள். கணித அளவில் இது சரி. ஆனால் சுற்றை வடிவமைப்பவருக்குச் சராசரி உதவாது. ஸூரிக்கில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் பர்க்கும் சகாக்களும் 2005இல் நான்கு ஓடைகளும் 16-க்யூஏஎம்மும் கொண்ட அமைப்புக்கு இந்தக் கோளத் தேடலை, அதாவது ஸ்பியர் டிகோடரை, சில்லாகவே செய்து காட்டினார்கள். எம்.எல். துல்லியத்தை அப்படியே காத்த சில்லு, 20 டெசிபல் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தில் சராசரியாக நொடிக்கு 73 மெகாபிட் தந்தது. துல்லியத்தைச் சற்றே விட்டுக்கொடுத்தது 170 மெகாபிட். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இரு மடங்குக்கு மேல் வேகம் என்பதைவிட, ‘20 டெசிபலில்’ என்ற நிபந்தனையே எனக்கு அதிகம் சொல்கிறது. இரைச்சல் கூடினால் தேடல் நீளும். அதாவது, பயனர் கோபுரத்திலிருந்து விலகிச் சிரமப்படும் அந்த நேரத்தில்தான் கருவியும் மெதுவாகும். 9.17 கோடி கணக்குகள் வரிசையில் நிற்கும்போது ஒரு கணக்கு மற்றதைவிட நூறு மடங்கு நேரம் எடுக்கலாம் என்றால், அதற்கு இடையகம் ஒதுக்குவதும் காலக்கெடு வகுப்பதும் இயலாத காரியமாகிவிடும். ஒவ்வொரு மட்டத்திலும் சிறந்த சில கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கே-பெஸ்ட், 2008இல் பார்பேரோவும் தாம்சனும் முன்வைத்த நிலையான வேலையளவுத் தேடல் ஆகியவை இதனால்தான் பிறந்தன. இவை எம்.எல். விடைக்கு உறுதி தரமாட்டா. நேரத்துக்கு உறுதி தரும். சில்லு செய்வோருக்கு இரண்டாவது உறுதியே தேவைப்பட்டது. சில்லுகள் வேகமாகிவிட்டால் முழுத்தேடலே போதுமே என்ற நம்பிக்கையும் நிற்காது. 2009இன் 802.11என் வைஃபை தரநிலையில் ஒரு குறிக்கு 64 புள்ளிகள்; வைஃபை 7இல் 4,096. நான்கு ஓடைகளுக்குச் சேர்க்கைகள் 1.68 கோடியிலிருந்து 281 லட்சம் கோடியாகிவிட்டன. சில்லுகள் அந்த வேகத்தில் வளரவில்லை.

தேடலுக்கு முன்பே அணியைச் செம்மைப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு. லென்ஸ்ட்ரா, லென்ஸ்ட்ரா, லோவாஸ் ஆகியோர் 1982இல் தந்த எல்.எல்.எல். முறையால் சேனல் அணியின் நிரல்களை ஏறத்தாழச் செங்குத்தானவையாக மாற்றிக்கொண்டு, பிறகு எளிய பிரிப்பைச் செய்வது அது. வாங்கும் ஆன்டெனாக்கள் தரக்கூடிய முழு டைவர்சிட்டிப் பயனையும் (ஒரு பாதை மங்கினாலும் மற்றவை காப்பாற்றும் பலனையும்) இது மீட்டுத் தருகிறது என்று 2007இல் நிறுவப்பட்டது. கோட்பாட்டழகு மிக்கது. ஆனால் அதன் படிகளின் எண்ணிக்கையும் அணிக்கு அணி மாறும், பிட்டுகளின் நம்பகத்தன்மையைக் கணக்கிடுவதும் அதில் சிரமம்.

அந்த நம்பகத்தன்மை இரண்டாந்தர விஷயம் அல்ல. இன்றைய அமைப்புகளில் கண்டறிதலுக்குப் பின்னால் எல்டிபிசி போன்ற வலுவான பிழைதிருத்தக் குறிமுறை நிற்கிறது. அதற்கு வேண்டியது ‘இது 1’, ‘இது 0’ என்ற தீர்ப்பல்ல. ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு உறுதியானது என்ற எடை. அடித்துச் சொல்லித் தவறுவதைவிடத் தயங்கிச் சொல்வது அங்கே பெரும்பாலும் பயனுள்ளது. ஆகவே குறிமுறை இல்லாமல் வரைந்த வளைகோட்டில் முந்தும் முறை, முழு அமைப்பில் அந்த முந்துதலைப் பெரும்பகுதி இழந்துவிடலாம். இன்னொரு கசிவும் உண்டு: சேனல் யாருக்கும் முழுதாகத் தெரியாது. பைலட் குறிகளைக் கொண்டு அதை மதிப்பிடவேண்டும். ஓடைகளின் எண்ணிக்கைக்குச் சமமான, அதாவது குறைந்தபட்ச நீளமுள்ள, ஒன்றுக்கொன்று செங்குத்தான பைலட்டுகளைத் தரவின் அதே திறனில் அனுப்பி, மீச்சிறு வர்க்க முறையில் மதிப்பிட்டால், மதிப்பீட்டுப் பிழையின் விளைவு இரைச்சலின் அளவுக்கே சமமாகிறது. கண்டறிதல் தொடங்கும் முன்பே 3 டெசிபல் போய்விட்டது. தவறான அணியைக் கையில் வைத்துக்கொண்டு மிகச்சரியான தேடலைச் செய்வதில் என்ன எம்.எல். இருக்கிறது?

2010இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்சேட்டா எழுதிய கட்டுரை, சிக்கலைத் தீர்க்காமல் அதன் வடிவத்தையே மாற்றியது. கோபுரத்தில் பயனர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு ஆன்டெனாக்களை வையுங்கள் என்றது. தற்செயலான சேனல்கள் நீளமான திசையன்களாகும்போது ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாகிவிடும், அந்த 0.19 தானாகவே ஆரோக்கியமடையும். ஜீரோ ஃபோர்சிங்கில் ஓர் ஓடைக்கு மிஞ்சும் பங்கு, ஆன்டெனாக்களின் எண்ணிக்கையிலிருந்து ஓடைகளைக் கழித்து ஒன்று கூட்டியதற்கு விகிதசமமாக இருக்கும். எட்டுக்கு எட்டு என்றால் 8இல் 1 மிஞ்சும், சராசரியில் 9 டெசிபல் இழப்பு. 128 ஆன்டெனாவுக்கு 8 ஓடை என்றால் 121 மிஞ்சும். இழப்பு கால் டெசிபல்தான். கால் டெசிபலை மீட்க யாரும் மரக்கிளைகளில் ஏறி இறங்கப் போவதில்லை. 2016இல் பிரிஸ்டல், லுண்ட் பல்கலைக்கழகங்கள் 3.51 கிகாஹெர்ட்ஸில் 128 ஆன்டெனாக்களோடு 22 பயனர்களுக்கு ஒரே நேரத்தில் சேவை தந்து, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 145.6 பிட் எட்டின. அந்த விகிதத்திலும் இழப்பு ஒரு டெசிபலுக்குள்தான் என்று அதே கணக்கு சொல்லும். ஆய்வின் கவனம் நேர்மாறு அணியை எப்படி மலிவாகக் கணிப்பது என்பதற்கு நகர்ந்தது. நியூமன் தொடரால் தோராயப்படுத்தி 128 ஆன்டெனா, 8 பயனர் அமைப்பை எஃப்பிஜிஏ என்ற மறுநிரலாக்கச் சில்லில் ஓட்டிக் காட்டிய 2014ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நல்ல சான்று.

அப்படியானால் கண்டறிதல் என்ற துறையே காலாவதியாகிவிட்டதா? இந்தக் கேள்வியைப் பலர் உண்மையாகவே எழுப்பியிருக்கிறார்கள். என் விடை இல்லை என்பது. காரணம் மறுபடியும் விகிதம்தான். ஆன்டெனா இலவசம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெருக்கி, வடிகட்டி, எண்மமாக்கி எல்லாம் வேண்டும். உபரி ஆன்டெனாக்களை வாங்கிய வலையமைப்பு நிறுவனம் அவற்றை உபரியாகவே வைத்திருக்கவும் விரும்பாது. கூட்டம் கூடினால் ஓடைகளைக் கூட்டும், 128க்கு 8 என்பது தேய்ந்துகொண்டே வரும். அலைபேசியின் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம்: உள்ளங்கை அகலத்துக்குள் பெரும்பாலும் நான்கு ஆன்டெனாக்களுக்குத்தான் இடம், அவற்றிலும் நான்கு ஓடைகளை வாங்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. செங்குத்துத்தன்மை என்ற வரமும் சேனல்கள் ஒன்றையொன்று சாராதபோதுதான் கிடைக்கும். அருகருகே நிற்கும் இரண்டு பயனர்களின் சமிக்ஞைகள் ஒரே திசையிலிருந்து வந்தால், ஆன்டெனாக்கள் எத்தனை இருந்தாலும் 0.19 திரும்பி வரும்.

விகிதம் ஒன்றை நெருங்கினாலும் அமைப்பு பெரிதாக இருந்தால் வேறொரு வாய்ப்பு திறக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சொக்கலிங்கம், சுந்தர் ராஜன் ஆகியோரின் குழு 2008இல் வெளியிட்ட தேடல் இதற்கு முன்னோடி. எளிய முறையில் கிடைத்த விடையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு குறியாக மாற்றிப் பார்த்து, பொருத்தம் கூடினால் ஏற்றுக்கொண்டு மேலேறும் முறை அது. சின்ன அமைப்பில் இது விரைவிலேயே சிக்கி நின்றுவிடும். ஆன்டெனாக்கள் கூடக்கூட எம்.எல். தரத்தை நெருங்கும். பெரிதாவதால் சிக்கல் கடினமாகும் என்ற பொது எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறு. புள்ளியியல் இயற்பியலிலிருந்து வந்த செய்திப்பரிமாற்ற முறைகளும் அமைப்பின் இதே பெரிய அளவைப் பயன்படுத்துகின்றன: பல ஓடைகளின் குறுக்கீட்டைக் கூட்டினால் அது காஸ் இரைச்சல்போல நடந்துகொள்ளும். 2009இல் டோனஹோ, மலேகி, மொந்தனாரி முன்வைத்த ஏஎம்பி, 2014இல் கண்டறிதலுக்கு வந்த எக்ஸ்பெக்டேஷன் ப்ரொபகேஷன் ஆகியவை இந்த வழியில் வந்தவை. படிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும் என்பதால் நேரக் கெடுவுக்கும் அடங்குபவை. ஆனால் ஏஎம்பி, சேனல் அணியின் உறுப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்பதை நம்பிப் பிறந்தது; நிஜ அணி அந்த நம்பிக்கையைக் காப்பாற்றாதபோது தடுமாறும்.

இதே தடுமாற்றம் நரம்பு வலைகளுக்கும் உண்டு. 2017இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டெட்நெட், படிப்படியாகத் திருத்தும் ஒரு பழைய முறையின் ஒவ்வொரு சுற்றையும் வலையின் ஓர் அடுக்காக விரித்து, எடைகளைக் கற்கவைத்தது. கற்கும் வேலையை முன்பே முடித்துவிடலாம், ஓடும் நேரம் நிலையானது. என் அளவுகோலின்படி இது பெரிய தகுதி. ஆனால் 2020இல் எம்எம்நெட்டை முன்வைத்த எம்ஐடி ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும், முந்தைய வலைகள் எளிய தற்செயல் சேனல்களில் பெற்ற வெற்றி, ஒன்றையொன்று சார்ந்த நிஜச் சேனல்களில் வெகுவாகச் சரிகிறது என்று காட்டினார்கள். அவர்களது வலை, அதற்கு அடுத்த சிறந்த கற்றல் முறையைவிட 2.5 டெசிபல் குறைந்த சமிக்ஞை-இரைச்சல் விகிதத்திலேயே அதே பிழை வீதத்தை எட்டியது. அதற்கு வழி, ஒவ்வொரு சேனலுக்கும் அந்தந்த நேரத்தில் மறுபடி கற்பது. கற்றலால் நேரம் மிச்சமாகும் என்று தொடங்கிய வாதம், கற்றலுக்கே நேரம் கேட்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போது நெருக்கடி பெருக்கல்களின் எண்ணிக்கையில்கூட இல்லை. தரவை நகர்த்துவதில் இருக்கிறது. 256 ஆன்டெனாக்கள், நொடிக்கு 12.288 கோடி மாதிரிகள், ஒரு மாதிரிக்கு 24 பிட் என்று வைத்தால், ஆன்டெனாக்களிலிருந்து செயலிக்கு நொடிக்கு 755 கிகாபிட் ஓடவேண்டும். ஆன்டெனாக்களைச் சிறு கொத்துகளாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தும் தன் பங்கைச் சுருக்கி அனுப்புவது இதற்கு மாற்று. 16 ஓடைகள் என்றால், ஒவ்வொரு கொத்தும் தன் சேனலுக்குப் பொருத்தி வடித்த 16 எண்களை முந்தைய கொத்தின் தொகையோடு கூட்டி அடுத்ததற்குத் தள்ளலாம். கடைசியில் 256 எண்களுக்குப் பதில் 16தான் வந்து சேரும். இரைச்சல் ஆன்டெனாக்களுக்கிடையே தொடர்பற்றதாக இருக்கும்வரை இந்தச் சுருக்கத்தில் தகவல் எதுவும் இழப்பதில்லை; சேனலின் 16க்கு 16 பெருக்குத்தொகை அணியும் கையில் இருந்தால் எம்.எல். தேடலைக்கூட இதன்மேல் நடத்தலாம். அடுத்த கோபுரத்தின் பயனர்கள் குறுக்கிடும்போது நிபந்தனை உடைகிறது. அவர்களது சமிக்ஞை எல்லாக் கொத்துகளிலும் ஒரே தடயத்தோடு படிகிறது. அதை நீக்க எல்லா ஆன்டெனாக்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், ஆனால் சேர்த்துப் பார்க்கவேண்டிய தரவு கொத்துக்குள்ளேயே சுருக்கப்பட்டுவிட்டது.